கடவுளை நம்பாதவர் எந்த மதத்தைப் பின்பற்றலாம்?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். ஓசூரில் வேலை, வயது 31. கடவுள் நம்பிக்கை கல்லூரி நாட்களிலேயே போய்விட்டது, அதில் வருத்தமும் இல்லை. போன வருடம் அப்பா தவறியபோது ஒகேனக்கல்லில் அஸ்தி கரைக்கையில் ஐயர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமல் நின்றதும் உறுத்தியது. இப்போது மனைவி மாசமாக இருக்கிறார். நம்பிக்கை இல்லாத ஒருவன் ஏதாவது ஒரு மதத்தைப் பின்பற்றலாம் என்று முடிவு செய்தால் எது பொருத்தம், ஏன் என்று கேட்கிறீர்கள். பிறக்கப்போகும் குழந்தைக்குப் பள்ளியில் மதம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்.

எந்த மதம் உண்மை என்று நீங்கள் கேட்கவில்லை. அதற்கு உங்களிடம் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது. பொய் சொல்லாமல் எந்த வாசலில் நுழைய முடியும், நுழைந்தால் உள்ளே என்ன கிடைக்கும் என்பதே கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் அரசுக் கல்லூரிகளில் முப்பது வருடத்துக்கு மேல் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் பாலக்கோடு பக்கம், இருப்பது தருமபுரி டவுனில். எனக்கும் நம்பிக்கை கிடையாது. ஆனால் நீங்கள் யோசித்து வந்து சேர்ந்த இடத்துக்கு நான் பிறந்தே வந்தவன். அப்பா கருப்புச் சட்டைக்காரர். இந்திய தரிசனங்களைப் படித்து, நடத்தி, சண்டை போட்டுப் பழக்கம் உண்டு. பௌத்தத் தியானம் கொஞ்சம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இஸ்லாமும் கிறித்தவமும் எனக்கு நண்பர்கள் வழியாகவும் புத்தகம் வழியாகவும் தெரிந்தவைதான், உள்ளே வாழ்ந்து பார்த்ததில்லை. சட்டம் பற்றிச் சொல்லப்போவதை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டே எதிலும் கையெழுத்துப் போடுங்கள்.

நம் பக்கத்தில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் "உங்க குலசாமி எது?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு 'நீ எதை நம்புகிறாய்' என்று அர்த்தமே இல்லை. நீ எந்த ஊர், உன் பங்காளிகள் யார், உன் வீட்டில் சாவு விழுந்தால் யாருக்கெல்லாம் தீட்டு என்று அர்த்தம். மதம் என்றால் முதலில் நம்பிக்கை, அப்புறம் மற்றதெல்லாம் என்பது எல்லா மதங்களுக்கும் பொருந்தும் கணக்கு இல்லை. சில மதங்கள் வாசலிலேயே உங்கள் வாயிலிருந்து ஒரு வாக்கியத்தைக் கேட்கும். சில மதங்கள் கையைக் காலைக் கேட்கும், வாயைப் பற்றிக் கவலைப்படாது. ஜப்பானில் பெரும்பாலானவர்கள் கேட்டால் தங்களுக்கு மதம் இல்லை என்பார்கள். ஆனால் புத்தாண்டுக்கு ஷிண்டோ கோயிலுக்குப் போவார்கள், சாவுக்குப் பௌத்தப் பிக்குவைக் கூப்பிடுவார்கள். ஒகேனக்கல்லில் உங்கள் வாய் அடைத்துக்கொண்டது என்பதால், நான் அந்த வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன்.

வாக்கியம் மிகத் தெளிவாக இருப்பது இஸ்லாத்தில். இஸ்லாத்தில் சேரச் சொல்ல வேண்டிய கலிமா 'சாட்சி சொல்கிறேன்' என்று தொடங்குகிறது. சாட்சி என்பது கோர்ட்டில் சொல்கிற அதே சாட்சிதான். உள்ளத்தில் இல்லாததை வாயால் சொல்கிறவனுக்கு அங்கே முனாஃபிக் என்று தனிப் பெயரே உண்டு, அது நல்ல பெயர் இல்லை. தொழுகையின் ஒழுங்கு, ஏழை பணக்காரன் தோளோடு தோள் நிற்பது, நோன்புக் கஞ்சி எல்லாம் எனக்கும் பிடிக்கும். ஆனால் கடவுள் இல்லை என்று நினைத்துக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சொன்னால் அவர்களையும் ஏமாற்றுகிறோம், நம்மையும் ஏமாற்றிக்கொள்கிறோம். தர்கா வேறு விஷயம். கிருஷ்ணகிரி மலைமேல் இருக்கும் தர்காவுக்கு எல்லா மதத்துக்காரர்களும் ஏறுகிறார்கள், வாசலில் யாரும் கலிமா கேட்பதில்லை. ஆனால் தர்காவுக்குப் போகிறவர் முஸ்லிம் ஆகிவிடுவதில்லை, நீங்களும் அதைக் கேட்கவில்லை.

கிறித்தவத்திலும் அதே சிக்கல்தான். ஞானஸ்நானத்தின்போது "விசுவசிக்கிறீர்களா?" என்று நேராகக் கேட்பார்கள், "விசுவசிக்கிறேன்" என்று நீங்கள் தன்மை ஒருமையில் பதில் சொல்ல வேண்டும். கத்தோலிக்கப் பூசையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் விசுவாசப் பிரமாணம் வரும். நம் மாவட்டங்களில் கோவிலூர், எலத்தகிரி போன்ற ஊர்களில் கத்தோலிக்கம் பல தலைமுறைப் பழக்கம். அங்கே பிறந்த ஒருவர் நம்பிக்கை தேய்ந்தபிறகும் தேர் இழுக்கப் போவது எனக்குப் புரிகிறது, அவருக்கு அது ஊர். வெளியிலிருந்து போகிறவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது. அவர் வாக்கியத்தின் வழியாகத்தான் உள்ளே போயாக வேண்டும். வாக்கியமே கேட்காத கிளைகள் அந்த மரபில் இருக்கின்றன. அமெரிக்காவில் 1961-ல் ஒன்றிணைந்த யூனிடேரியன் யுனிவர்சலிஸ்டுகளிடம் பொது விசுவாசப் பிரமாணம் இல்லை, உறுப்பினர்களில் கடவுள் மறுப்பாளர்கள் ஏராளம். குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவின் கூட்டங்களில் ஒரு மணி நேரம் சும்மா அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். யூத மதத்தில் 1963-ல் ஷெர்வின் வைன் என்ற ரப்பி கடவுளைக் குறிப்பிடாமலே பண்டிகை கொண்டாடும் ஒரு சபையை மிச்சிகனில் ஆரம்பித்தார். சென்னையிலேகூட 1795-ல் வில்லியம் ராபர்ட்ஸ் என்ற பெயர் கொண்ட ஒரு தமிழர் யூனிடேரியன் சபை தொடங்கினார், ஆனால் அது பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தை மறுத்ததே தவிர கடவுளை மறுக்கவில்லை. எல்லாம் சரி. ஓசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ் பிடித்துப் போக முடியாத ஒரு சபையை உங்களுக்குப் பரிந்துரை செய்து என்ன பயன்?

இனி நம் பக்கத்து மரபுகள். கடவுள் இல்லாமல் ஒரு சமயம் இருக்க முடியுமா என்ற கேள்வி இங்கே பழசு. பழைய சாங்கியம் என்ற தத்துவ மரபு ஈசுவரனை வைத்துக்கொள்ளவில்லை. வேதத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய மீமாம்சகர்களே உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவர் தேவையில்லை என்று வாதாடினார்கள். சமணத்தில் படைப்பவன் கிடையாது, பௌத்தத்திலும் கிடையாது. இதைக் கேட்டதும் பலரும் "அப்படியென்றால் பௌத்தம்தான் நாத்திகனுக்கு ஏற்ற மதம்" என்று முடித்துவிடுவார்கள். அங்கேதான் நான் மாணவர்களை நிறுத்துவேன். கடவுள் செய்ய வேண்டிய வேலையை அந்தச் சமயங்களில் வினை செய்கிறது. கூலி கொடுப்பது, கணக்கு வைப்பது, அடுத்த பிறவியை நிர்ணயிப்பது எல்லாம் வினை. முதலாளி இல்லை என்பதால் கம்பெனி இல்லை என்று ஆகிவிடாது.

மணிமேகலையில் இதற்கு ஒரு நல்ல காட்சி இருக்கிறது. கதாநாயகி வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் "உன் கொள்கை என்ன" என்று கேட்டுக்கொண்டே வருகிறாள். உங்கள் கேள்வியைத் தமிழில் முதலில் காலால் நடந்து கேட்டவள் அவள்தான். வரிசையில் கடைசியாக வருகிறவன் பூதவாதி. பூவும் வெல்லக்கட்டியும் மற்றதும் சேர்ந்தால் போதை பிறப்பதுபோல நிலம், நீர் முதலான பூதங்கள் சேர்ந்தால் உணர்வு பிறக்கிறது, பிரிந்தால் போய்விடுகிறது, இந்தப் பிறவியோடு எல்லாம் முடிந்தது என்கிறான். இன்று நீங்களும் நானும் நம்புவதற்கு மிகப் பக்கத்தில் இருப்பது அதுதான். பௌத்தக் காப்பியத்தின் நாயகி அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். கண்ணால் கண்டதை மட்டுமே ஏற்பாய் என்றால் உன் அப்பா அம்மா இவர்கள்தான் என்று அனுமானம் இல்லாமல் எப்படித் தெரிந்துகொண்டாய் என்று மடக்குகிறாள். மடக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பூதவாதிக்கு இன்னும் இரண்டு வரி கொடுத்திருக்கலாம் என்பது என் தனிப்பட்ட குறை. நான் சொல்ல வருவது, மரபான பௌத்தம் உங்களை எங்கே உட்கார வைக்கும் என்பது அந்தச் சிரிப்பில் தெரிகிறது.

ஆனாலும் பௌத்தம் கேட்கும் வாக்கியம் எளிது. புத்தம், தம்மம், சங்கம் மூன்றையும் அடைக்கலமாகக் கொள்கிறேன். கொல்லாமை, திருடாமை, தவறான காமம் தவிர்த்தல், பொய் சொல்லாமை, போதை தவிர்த்தல் என்ற ஐந்து சீலங்களைக் கடைப்பிடிக்க முயல்கிறேன். இதில் உலகத்தைப் பற்றிய தகவல் எதுவும் இல்லை. செய்யப்போவதைப் பற்றிய வாக்குறுதிதான் இருக்கிறது. வாக்குறுதி தரக் கடவுள் நம்பிக்கை தேவையில்லை. மறுபிறப்பை 'தெரியாது' என்று ஓரமாக வைத்துவிட்டுப் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொள்கிற பௌத்தர்கள் இன்று உலகம் முழுக்க இருக்கிறார்கள். அது நேர்மையான பௌத்தமா, வசதிக்கு வெட்டிக்கொண்ட பௌத்தமா என்பதில் பௌத்தர்களுக்குள்ளேயே சண்டை தீரவில்லை. இதில் காலாமர் என்ற குலத்தாருக்குப் புத்தர் சொன்னதை ஒரு சான்றாக எல்லோரும் காட்டுவார்கள்: கேள்விப்பட்டது என்பதற்காக நம்பாதே, மரபு என்பதற்காக நம்பாதே, நூலில் உள்ளது என்பதற்காக நம்பாதே. போஸ்டரில் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் 'தருக்கத்துக்கு ஒத்து வருகிறது என்பதற்காகவும் நம்பாதே' என்றும் இருக்கிறது. பகுத்தறிவாளருக்குக் கொடுத்த நற்சான்றிதழ் என்று அதைப் படிக்க முடியாது.

தியானத்தை முயன்று பார்க்க ஆசை இருந்தால் கோயங்கா மரபின் பத்து நாள் விபாசனா முகாம் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. பெங்களூரு பக்கமும் சென்னை பக்கமும் மையங்கள் உண்டு. கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் கொடுக்கும் நன்கொடையில் நடக்கிறது. மதம் மாறச் சொல்ல மாட்டார்கள். ஆனால் சாயங்கால உரைகளில் பிறவிச் சுழற்சி வரும், அதற்குத் தயாராகப் போங்கள். மனநலச் சிக்கல் இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகவே கூடாது. பத்து நாள் பேசாமல் உட்காருவது எல்லோருக்கும் ஒத்துவராது. எனக்கு முட்டி வலி தவிர வேறு ஞானம் கிட்டவில்லை, ஆனால் கோபம் கொஞ்சம் குறைந்தது என்று வீட்டில் சொன்னார்கள்.

இன்னொரு பௌத்தம் இருக்கிறது, அதைத் தியானத்தோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. அயோத்திதாசர் 1898-ல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அதன் கிளை கோலார் தங்கவயலில் இருந்தது. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அது அடுத்த ஊர் மாதிரி. 1956 அக்டோபர் 14 அன்று அம்பேத்கர் நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவினார், அங்கே 22 உறுதிமொழிகள் கொடுத்தார். பிரம்மா விஷ்ணு மகேசுவரனை நம்ப மாட்டேன், வணங்க மாட்டேன் என்று அது ஆரம்பிக்கிறது. 'மாட்டேன்' என்று முடிகிற வாக்கியங்கள் அதில் நிறைய. நம்பிக்கை இல்லாத ஒருவர் ஒரு மத மேடையில் நின்று மனசாட்சி உறுத்தாமல் சொல்லக்கூடிய வாக்கியங்கள் இவ்வளவு ஒரே இடத்தில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. முழுவதும் அப்படி இல்லை, கடைசிப் பகுதியில் புத்தரின் தம்மமே உண்மையான மதம் என்று உறுதியாக நம்புகிறேன் என்ற வரியும் வருகிறது. ஆனால் அந்த மதமாற்றத்தின் உயிர் சாதியை விட்டு வெளியேறுவதில் இருக்கிறது. உங்களுக்கு அந்தக் காரணம் இருந்தால் இதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. காரணம் இல்லாமல், தத்துவம் அழகாக இருக்கிறது என்று மட்டும் போகிறவர் அங்கே விருந்தாளியாகத்தான் இருப்பார். விருந்தாளி என்று தெரிந்து நடந்துகொள்ள வேண்டும்.

சமணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்பதாம் நூற்றாண்டில் நுளம்பர்கள் ஆண்டபோது நம் தகடூரிலேயே, அதாவது இன்றைய தருமபுரியிலேயே, சமணப் பள்ளி இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. இன்று தமிழ்ச் சமணர்கள் வந்தவாசி, திண்டிவனம் பக்கம் வாழ்கிறார்கள், மேல்சித்தாமூரில் மடம் இருக்கிறது. ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டு, எந்தக் கூற்றும் ஒரு பக்கத்தை மட்டுமே பிடிக்கும் என்ற அநேகாந்தவாதம் எனக்குத் தெரிந்து இந்தியா உருவாக்கிய மிகப் பண்பான சிந்தனை. ஆனால் வினைக் கொள்கை பௌத்தத்தைவிட இறுக்கம், உணவுக் கட்டுப்பாடு கடுமை, அது பிறப்பால் வரும் சமூகமாகவே இருக்கிறது. வள்ளலாரை ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. 1867-ல் வடலூரில் அவர் ஏற்றிய அடுப்பு இன்னும் அணையவில்லை. சாதி சமயம் பார்க்காமல் பசிக்குச் சோறு என்பதற்கு நாத்திகனும் கை கொடுக்கலாம், அரிசி மூட்டை தூக்கலாம். ஆனால் சன்மார்க்கத்தின் நடுவில் இருப்பது அருட்பெருஞ்ஜோதி ஆண்டவர். அவரை எடுத்துவிட்டால் அது அன்னதானம், சன்மார்க்கம் இல்லை.

"செய்யச் செய்ய நம்பிக்கை தானாக வரும்" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சில் பாஸ்கல் இதையே எழுதினார்: நம்ப முடியவில்லையா, நம்புகிறவர்கள் செய்வதையெல்லாம் செய், தீர்த்தம் எடு, பூசைக்குப் போ, மனது பின்னாலேயே வரும். இது உண்மையா? எனக்குக் கிடைத்த சாட்சி இரண்டு பக்கமும் பேசுகிறது. நண்பர்கள் போடுகிறார்கள் என்பதற்காகச் சபரிமலைக்கு மாலை போட்ட என் மாணவர் ஒருவர் இன்று குருசாமி, கன்னிச்சாமிகளுக்கு இருமுடி கட்டிவிடுகிறார். அதே வருடம் மாலை போட்ட இன்னொருவர் பதினொரு முறை மலை ஏறிவிட்டு, "சார், ஒரு மண்டலம் குடிக்காம இருக்கேன், செருப்பு இல்லாம நடக்கறேன், உடம்புக்கு நல்லா இருக்கு. சாமி மட்டும் இன்னும் வரல" என்கிறார். இருவரும் நல்லவர்கள், இருவருமே பொய் சொல்லவில்லை. ஆகவே நம்பிக்கை வரும் என்ற எதிர்பார்ப்பில் ஒரு மதத்தில் சேராதீர்கள். வராமல் போனாலும் எதைச் செய்வீர்களோ அதைச் செய்யுங்கள். (கருப்பு வேட்டி கட்டி அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் அப்பாவுக்குக் குழப்பமாக இருக்கும். எங்கள் வீட்டில் கருப்புக்கு வேறு அர்த்தம்.)

அப்பாவின் சாவைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் அஸ்தி விஷயத்துக்கு அது பக்கத்தில் வருகிறது. அவர் கல்யாணம் ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல், மாலை மாற்றி நடந்தது. அண்ணா அரசு 1967-ல் இந்து திருமணச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்த பிறகுதான் அந்த வகைக் கல்யாணங்கள், முன்பு நடந்தவையும் சேர்த்து, சட்டப்படி செல்லும் என்றானது. சாவுக்கும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார்: சடங்கு எதுவும் வேண்டாம். நான் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். பெரியப்பா வாங்கிப் படித்தார். "மேளம் வேணாம்னு எழுதல இல்ல?" என்றார். எழுதவில்லை. மேளம் வந்தது. யாரும் மந்திரம் சொல்லவில்லை, யாரும் அவர் நெற்றியில் எதுவும் பூசவில்லை. ஆனால் பதினாறு நாள் பங்காளி வீடுகள் அத்தனையும் தீட்டுக் காத்தன. அப்பா வேண்டாம் என்றாரே என்று நான் பெரியப்பாவிடம் கேட்டேன். "அது அவன் சடங்கு இல்லப்பா. எங்களுது. அதுல நீ வராத" என்றார். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் சமூகவியலாளர் டர்க்கைமையும் மார்க்சையும் நடத்திய பிறகு, அந்தப் பதிலை நான் இன்னும் சரியாக மறுக்கவில்லை.

பகுத்தறிவு இயக்கத்துக்கே இது தெரிந்திருந்தது. சுயமரியாதைத் திருமணம், படத்திறப்பு, நினைவேந்தல் கூட்டம் எல்லாம் என்ன? நம்பிக்கையை எடுத்துவிட்டு, கூடுவதை மட்டும் வைத்துக்கொண்ட சடங்குகள். அந்த வகையில் உங்களுக்கு ஏற்ற ஒரு மரபு தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு மதம் என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். குறையும் சொல்ல வேண்டும். படத்திறப்பில் மைக் பிடித்தவர் பத்தாவது நிமிடத்தில் இறந்தவரை மறந்துவிட்டு அரசியலுக்குப் போய்விடுவார். அழுவதற்கு அங்கே நேரம் ஒதுக்குவதில்லை.

நான் என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். வருடத்துக்கு ஒரு முறை பங்காளிகளோடு வேடியப்பன் கோயிலுக்குப் போகிறேன். நம் இரண்டு மாவட்டங்களிலும் திருவண்ணாமலைப் பக்கமும் வேடியப்பன் என்று கும்பிடப்படும் பல கற்கள் நடுகற்கள். 1970-களில் தொல்லியல் துறை செங்கம், தருமபுரிப் பகுதிகளில் அவற்றைத் தேடிப் படியெடுத்தது. வட்டெழுத்தில் இன்ன அரசனின் இன்ன ஆண்டில், தொறு மீட்டுப் பட்டான் இன்னான் என்று இருக்கும். தொறு என்றால் மாட்டு மந்தை. ஊர் மாட்டைக் கொள்ளையடித்துப் போனவர்களைத் துரத்தி மீட்கையில் செத்தவன். கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, படையல் போடும் முறைகளைத் தொல்காப்பியம் வரிசையாகச் சொல்கிறது. அந்தக் கல் முன்னால் நிற்பதற்கு நான் எதையும் நம்ப வேண்டியதில்லை. ஒருவன் இருந்தான், மற்றவர்களின் மாட்டுக்காகச் செத்தான், ஊர் மறக்கவில்லை. இது நடந்தது. பக்கத்தில் நிற்கும் சித்தி கல்லுக்குள் சாமி இருக்கிறது என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். நான் என்ன நினைக்கிறேன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை, பொங்கலில் முந்திரி சரியாகப் போட்டிருக்கிறதா என்று மட்டும் கேட்பார்.

இதை எல்லோருக்குமான மருந்தாக விற்க மாட்டேன். பங்காளி என்ற சொல்லுக்குள்ளேயே சாதி உட்கார்ந்திருக்கிறது. கல்யாணம் ஆகிப் போன என் அக்காவுக்கு அந்தப் படையலில் பங்கு இல்லை, அவளுக்கு வேறு குலசாமி. அதே ஊரில் காலனியில் இருப்பவர்கள் அந்த இடத்துக்கு வெளியே. மாடு மீட்டுச் செத்தவன் எந்தத் தெரு என்று யாருக்குத் தெரியும்? என் பெரியப்பாவின் பதிலில் எனக்கு ஆறுதலும் இருக்கிறது, இந்த முள்ளும் இருக்கிறது. இரண்டையும் தெரிந்துகொண்டுதான் போகிறேன்.

ஆக என் பதில்: உங்களுக்குத் தேவைப்படுவது தினசரிப் பயிற்சி என்றால் பௌத்தம். ஐந்து சீலத்தையும் உட்காருவதையும் எடுத்துக்கொள்ளுங்கள், மறுபிறப்பில் 'தெரியாது' என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், மதம் மாறியதாகக் காகிதம் வாங்க அவசரப்பட வேண்டாம். தேவைப்படுவது சாவுக்கும் பிறப்புக்கும் கூட நிற்கிற ஆட்கள் என்றால் புதிய மதம் அதை ஒரு தலைமுறைக்குள் கொடுக்காது. ஏற்கெனவே இருக்கிற ஆட்களிடம் வாயைத் திறக்காமல் கையை மட்டும் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். நீங்கள் எழுதியதைப் படித்தால் இரண்டாவதுதான் உங்களுக்குக் குறை என்று தோன்றுகிறது, அது என் ஊகம். அடுத்த வருடம் அப்பாவுக்குத் திதி வரும்போது ஐயரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நான் சொல்ல மாட்டேன், நீங்கள் சொல்லுங்கள், நான் தண்ணீர் விடுகிறேன். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். மனைவியின் விருப்பம் என்ன என்று நீங்கள் எழுதவில்லை, அதை என் பதிலைவிட மேலே வையுங்கள்.

காகித விஷயம். சட்டப்படி நீங்கள் எதையும் செய்யாவிட்டாலும் இந்துதான். இந்து திருமணச் சட்டம் இந்து, பௌத்தர், சமணர், சீக்கியரோடு, முஸ்லிம், கிறித்தவர், பார்சி, யூதர் அல்லாத மற்றவர்களையும் தனக்குள் எடுத்துக்கொள்கிறது. கடவுளை நம்பவில்லை என்பதால் அதிலிருந்து வெளியே வந்துவிட முடியாது. நீங்கள் பட்டியல் சாதியினர் என்றால் கவனம் தேவை: 1950-ன் ஆணைப்படி அந்தத் தகுதி இந்துக்களுக்கும், 1956 முதல் சீக்கியருக்கும், 1990 முதல் பௌத்தருக்கும் மட்டும். கிறித்தவத்துக்கோ இஸ்லாத்துக்கோ மாறினால் அது போய்விடும். நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் மதம் மாறியதாகக் காட்டுவதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றே சொன்னது.

குழந்தையின் பள்ளிச் சேர்க்கையில் சாதி, மதம் இரண்டையும் காலியாக விட 1973-லேயே தமிழக அரசாணை இருக்கிறது, 2000-ல் மறுபடியும் வலியுறுத்தினார்கள். பக்கத்துத் திருப்பத்தூரில் 2019-ல் ஒரு பெண் வழக்கறிஞர் சாதி மதம் அற்றவர் என்று வட்டாட்சியரிடம் சான்றிதழே வாங்கினார். அவருக்கு அது பல வருட அலைச்சல். சேர்க்கைக்குப் போகும்போது அரசாணையின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பல பள்ளி அலுவலகங்களில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, கம்ப்யூட்டர் காலியாக விடாது என்பார்கள். இட ஒதுக்கீடு பின்னால் தேவைப்படுமா என்பதை மட்டும் நீங்களும் மனைவியும் முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள், அதற்கு இன்னும் மூன்று நான்கு வருடம் இருக்கிறது.